இடுப்புக்குச் செய்த குடம், குழாய்க்கு எதற்கு?

அடுப்படியை இடித்துக் கட்டி முடித்தபோது ஒரு மூலை மட்டும் மிச்சமாக நின்றது. தண்ணீர் வைக்கிற மூலை. அங்கே எதை வைப்பது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அத்தைக்கு (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) அவர் சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடம். வீட்டுக்காரருக்கு இருபது லிட்டர் கேன். கல்லூரிக்குப் போகும் மகளுக்கு, போனில் பார்த்த, பூ வரைந்த மண்பானை. எனக்கு எவர்சில்வர். வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கை போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "பிளாஸ்டிக் குடம் ரெண்டு வாங்கிப் போடுக்கா. இதுக்குப் போய் ஒரு பஞ்சாயத்தா?"

ஆடுதுறையிலிருந்து கும்பகோணம் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். ஒரு சனிக்கிழமை அந்தப் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனேன். பழைய பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்கலாம் என்று திட்டம். கடைக்காரர் குடத்தைத் தராசில் வைத்தார், விரலால் சுண்டிப் பார்த்தார், கழுத்தடியைத் தடவினார். "இந்தக் கனத்துக்கு இப்ப யாரும்மா அடிக்கிறாங்க? உருக்கத்தான் போகும்" என்றார். பாராட்டினாரா, விலை குறைத்தாரா தெரியவில்லை. ஆனால் அந்த 'உருக்கத்தான்' எனக்குச் சரிப்படவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று குடத்தோடு திரும்பினேன்.

இடைப்பட்ட ஒரு வாரத்தில் எடை போட்டதும் அளந்ததும் சண்டை போட்டதும்தான் இங்கே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள் நான். குடம் வாங்கப் போனாலும் தராசையும் அளவுநாடாவையும் தூக்கிக்கொண்டு போவேன் என்று வீட்டில் ஏற்கெனவே கேலி உண்டு.

பித்தளையிலிருந்து தொடங்குகிறேன், மற்ற எல்லாக் குடங்களுக்கும் அதுதான் அச்சு.

அத்தையின் குடம் பதினான்கு லிட்டர் பிடிக்கிறது. வெறும் குடம் மூன்றரைக் கிலோ. நிறைத்தால் பதினேழரை. கல்யாணமான புதிதில் அதை இடுப்பில் வைத்து ஆற்றுக்கும் வீட்டுக்கும் நாளைக்கு ஆறு நடை நடந்ததாகச் சொல்கிறார். அவர் சொல்லும்போது கை தானாக வளைகிறது, இடப்பக்கம் இடுப்பு கொஞ்சம் வெளியே போகிறது. குடத்தின் வடிவத்தை விளக்க அதைவிட நல்ல படம் கிடையாது. வயிறு இடுப்பெலும்பின் மேல் உட்காருகிறது. கழுத்தைச் சுற்றிக் கை போகிறது. வெளியே மடிந்த விளிம்புக்கு அடியில் விரல்கள் மாட்டிக்கொள்கின்றன. பாரம் உடம்போடு ஒட்டி நிற்பதால் முதுகு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் போதும். அதே பதினான்கு லிட்டரை வாளியில் எடுத்துப் பாருங்கள். தோள்பட்டையை இழுக்கும், காலில் இடிக்கும், கம்பிப் பிடி உள்ளங்கையை அறுக்கும்.

உருண்டை வயிற்றுக்கு இன்னொரு காரணம் கணக்கு வாத்தியார் சொல்வது. ஒரே அளவு தண்ணீரை அடைக்க மிகக் குறைந்த தகடு போதுமான வடிவம் உருண்டைதான். பித்தளையை எடைக்கு விற்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

கழுத்தைப் பற்றி நான் இந்த வாரம்தான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். நிறைகுடம் தளும்பாது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நிறைவாளி தளும்பாது என்று யாரும் சொல்லவில்லையே என்று யோசித்ததே இல்லை. எங்கள் குடத்தின் கழுத்து உள்விட்டம் நாலு அங்குலம், வயிறு பன்னிரண்டு. தண்ணீர் கழுத்துவரை நின்றால் ஆடுவதற்கு இருக்கிற பரப்பு ஒரு சின்ன வட்டம். பாதிக் குடமென்றால் பரப்பு அதைப்போல ஒன்பது மடங்கு. தண்ணீர் இந்தச் சுவரில் மோதி அந்தச் சுவருக்குப் போகும், இடுப்பில் வைத்திருப்பவளையும் சேர்த்து ஆட்டும். வாளியிலோ நிறைந்தாலும் குறைந்தாலும் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ததும்பத் ததும்ப நிறைத்தால் வீடு வருவதற்குள் புடவை நனைந்துவிடும். அறிஞர்களைப் பற்றிய பழமொழி என்று நினைத்தது, உண்மையில் கழுத்தின் குறுக்களவைப் பற்றிய கண்டுபிடிப்பு. தண்ணீர் தூக்கிய பெண்கள்தான் அதை முதலில் கவனித்திருக்க வேண்டும்.

1958-ல் சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-ல் வந்ததற்கு அதுவே அடிப்படை. நாடெல்லாம் பார்த்ததில் அவர்கள் மிகவும் வியந்தது நம் சொம்பை. வெறுமையிலும் நிறைவிலும் அது எப்படி நிலைகொள்கிறது, தலையிலா இடுப்பிலா கையிலா எங்கே வைத்துத் தூக்குகிறார்கள், எப்படி ஊற்றுகிறது, எப்படித் தேய்க்க வருகிறது, பழசானால் என்ன விலைக்குப் போகும் என்று கேள்விகளை அடுக்கி, இதை ஒரே ஆள் உட்கார்ந்து வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறைகள் சேர்ந்து செய்தது என்றார்கள். கடைசிக் கேள்வியை நான் கும்பகோணத்துத் தராசில் நேரே பார்த்தேன்.

வடிவம் ஆளுக்கு மட்டுமல்ல, தரைக்கும் பொருந்தியிருந்தது. பழைய மண்குடங்களுக்கு அடி உருண்டை. ஆற்று மணலில் வைத்துக் கொஞ்சம் திருகினால் குடமே தன் பள்ளத்தைச் செய்துகொள்ளும். வீட்டில் மண்தரை, இல்லாவிட்டால் வைக்கோல் பிரிமணை. சிமெண்டுத் தரை வந்த பிறகுதான் உருண்டை அடி ஒரு குறையாக மாறியது. எங்கள் புது அடுப்படியில் வழவழப்பான டைல்ஸ். அத்தையின் பித்தளைக் குடத்துக்கு அடி ஓரளவு தட்டை என்றாலும், ஓரத்தில் ஒடுக்கு விழுந்திருப்பதால் டைல்ஸ் மேல் வைத்தால் ஆடுகிறது.

இத்தனையும் குடத்தின் பெருமை. இனி எங்கள் மூலை. 2019-ல் தொடங்கிய வீட்டுக்கு வீடு குழாய்த் திட்டத்தில் எங்கள் வாசலுக்கும் இணைப்பு வந்துவிட்டது. குழாயிலிருந்து தண்ணீர் மூலைக்குப் பதினோரு தப்படி. எண்ணிப் பார்த்தேன். ஆறு நடை ஆற்றுக்குப் போய்வரச் செய்த உருவத்தைப் பதினோரு தப்படிக்கு வைத்துக்கொள்ள வேண்டுமா? குடம் நாளில் இரண்டு நிமிடம் நகர்கிறது, மிச்ச நேரமெல்லாம் நிற்கிறது. தண்ணீர் எவ்வளவு தூரம் நடக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, யார் தூக்குவது, யார் தேய்ப்பது. இந்த நாலு கேள்வியைத்தான் ஒவ்வொன்றிடமும் கேட்டேன்.

நிற்கிற விஷயத்தில் பித்தளைக்கு ஒரு வலு உண்டு. செம்பும் செம்பு கலந்த பித்தளையும் தண்ணீரிலுள்ள கிருமிகளைச் சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் பெருமளவு குறைக்கின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இதை உடனே மந்திரமாக்கி வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டாம். தண்ணீர் வெறும் உலோகத்தைத் தொட்டால்தான் இந்த வேலை நடக்கும். உள்ளே ஈயம் பூசியிருந்தாலோ மெழுகுபோல் பூச்சு இருந்தாலோ நடக்காது. பூசும் ஈயம் வெள்ளீயம், நஞ்சான காரீயம் அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். மோர், எலுமிச்சை, புளித்தண்ணீர் எதையும் பூச்சில்லாத பித்தளையில் வைக்கக் கூடாது, செம்பு கரைந்து இறங்கும். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சாதாரணக் குழாய்த் தண்ணீரை ராத்திரி ஊற்றிக் காலையில் குடிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை.

தோற்பது தேய்க்கும் இடத்தில். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் இரண்டு நாள் மின்னும், மூன்றாம் நாள் கறுக்கத் தொடங்கும். வெளியே தேய்த்துவிடலாம். உள்ளே? நாலு அங்குலக் கழுத்துக்குள் என் கை போகிறது, ஆனால் நாரைப் பிடித்த கை திரும்பவில்லை. அத்தை ஒரு கைப்பிடி மணலும் புளியும் போட்டுக் குலுக்கச் சொன்னார். மூன்றரைக் கிலோவைக் குலுக்கிப் பார்த்தேன். "நான் தேய்ச்சுக்கறேன், விடு" என்றார் அத்தை. எழுபத்துநாலு வயதில், மணிக்கட்டு வலியோடு. அதாவது தேய்க்கப் போவது நான்.

பிளாஸ்டிக் குடத்தை நான் லேசாக எடுத்துக்கொண்டுதான் தராசில் வைத்தேன். நானூற்றைம்பது கிராம். பித்தளையில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் கனம் குறைவு என்பதால்தான் பிளாஸ்டிக் வென்றது என்று சொல்கிறார்களே, அது பாதிதான் உண்மை. தண்ணீர் நிறைந்த பிறகு ஒன்று பதினேழரை, இன்னொன்று பதினாலரை. ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். இடுப்பு தூக்குவது தண்ணீரை, குடத்தை அல்ல. வெறுங்குடமாக நாலைந்தை அடுக்கிக் கொண்டுபோகும்போதும், கீழே விழுந்தால் ஒடுக்கு எடுக்க ஆள் தேட வேண்டியதில்லை என்னும்போதும், திருட்டுப் போனாலும் வயிறு எரியாது என்னும்போதும்தான் பிளாஸ்டிக் ஜெயிக்கிறது.

எனக்கு வேடிக்கையாகப் பட்டது அதன் உருவம். பிளாஸ்டிக்கைச் சதுரமாக ஊதலாம், கைப்பிடி வைத்து ஊதலாம், அடுக்க வசதியாக ஊதலாம். அச்சுக்கு எல்லாம் ஒன்றுதான். அப்படியிருந்தும் அதே வயிறு, அதே கழுத்து, அதே மடிந்த விளிம்பு. பார்த்துப் பழகிய உருவத்தை நகலெடுத்தார்கள் என்று ஒதுக்கிவிடலாம்தான். தோளில் உள்ள வரிவரியான மேடுகள், உலோகக் குடத்து வேலைப்பாட்டின் நிழல் மாதிரி இருக்கின்றன. ஆனால் அவை சும்மா அழகுக்கு இல்லை; மெல்லிய சுவர் தண்ணீர்ப் பாரத்தில் பிதுங்காமல் அந்த மேடுகள்தான் பிடித்துக்கொள்கின்றன. வயிறும் கழுத்தும் மாறாததற்குக் காரணம் இன்னும் எளிது. பொருள் மாறியது, தூக்குகிறவள் மாறவில்லை. தகடு போய் பிளாஸ்டிக் வந்தபோதும் குழாயடியிலிருந்து இடுப்பில்தான் வந்தது. (ஆண்கள் தூக்க ஆரம்பித்தபோது வடிவத்தை மாற்றவில்லை, சைக்கிளை மாற்றினார்கள். கேரியரின் இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி வைத்து, குடத்தின் கழுத்தில் மாட்டி, நாலு குடத்தை ஒரே மிதியில் கொண்டுவந்தார்கள். கழுத்து அங்கேயும் உதவியது.)

நிறத்தின் பயனைத் தங்கைதான் சொல்லிக்கொடுத்தாள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அவள் ஊரில் நிலத்தடி நீர் உப்பு. குடிக்கிறது குழாய் வழியே வருகிற கொள்ளிடத்துத் தண்ணீர். மின்கம்பங்கள் சாய்ந்ததும் மோட்டார் நின்றது, தொட்டி காலி. அவள் தெருவுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. அதுவரை ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தொட்டியை நிரப்புகிற நாளில் ஒரு மணி நேரம், இல்லாவிட்டால் லாரி. வரிசையில் ஆட்கள் நிற்கவில்லை, குடங்கள் நின்றன. "என்னுது ஊதா, பக்கத்து வீட்டு அக்காவுது பச்சை, கோடியில ஆரஞ்சு ரெண்டு. யாரும் யார் இடத்தையும் பிடிக்க முடியாது" என்றாள். எவர்சில்வர் குடங்களை அப்படி நிறுத்தியிருந்தால் எல்லாம் ஒரே வெள்ளையாக நின்று சண்டை மூண்டிருக்கும். உலோகத்தில் பெயர் வெட்டலாம். அதை குனிந்துதான் படிக்க வேண்டும். நிறத்தைத் திண்ணையிலிருந்தே படிக்கலாம்.

பிளாஸ்டிக் மேல் எனக்குள்ள புகார் வேறு. வெயிலில் கிடந்தால் ஓரிரு கோடையில் நிறம் வெளுத்து நொறுங்குகிறது. உள்ளே கீறல் விழுந்தால் பாசி அந்தக் கீறலில் குடியேறுகிறது. அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருந்தால் தண்ணீருக்கு ஏற்ற ரகம் என்று ஓரளவு நம்பலாம். சந்தையில் நான் திருப்பிப் பார்த்தவற்றில் பாதிக்கு எந்த எண்ணும் இல்லை. மறுசுழற்சிச் சரக்கு அழுத்தமான நிறத்துக்குள் எளிதாக ஒளிந்துகொள்ளும். தினமும் குடிக்கிற தண்ணீரை அதில் நிறுத்த எனக்கு மனமில்லை. புயலுக்கு வேண்டும்.

மண்பானைக்கு வருகிறேன். இந்த வரிசையில் வேலை செய்கிற ஒரே பாத்திரம் இதுதான். மற்றதெல்லாம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கின்றன. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். தண்ணீர் அதன் வழியே கசிந்து வெளிச்சுவரில் காற்றோடு போகிறது. போகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். பத்து லிட்டர்ப் பானையில் நூறு மில்லி, ஒரு டம்ளருக்கும் குறைவு, ஆவியானால் மிச்சத் தண்ணீரை ஆறு டிகிரிவரை குளிர்விக்கும் அளவு வெப்பம் வெளியேறிவிடும். வெளியிலிருந்து வெப்பம் திரும்ப உள்ளே வந்துகொண்டே இருப்பதால் முழு ஆறும் கையில் கிடைக்காது. ஆனாலும் கரண்ட் செலவு இல்லாமல் இதைச் செய்கிற வேறு சாமான் வீட்டில் கிடையாது.

இங்கே ஊர் முக்கியம். பானை எவ்வளவு குளிரும் என்பதைப் பானை மட்டும் முடிவுசெய்வதில்லை, காற்றின் ஈரமும் முடிவுசெய்கிறது. 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் பானைத் தண்ணீர் கொள்கையளவில் 24 டிகிரிவரை இறங்கலாம். 34 டிகிரி, ஈரப்பதம் 75 என்றால் 30-ல் நின்றுவிடும். முதல் கணக்கு திருச்சியின் மே மாத மதியத்துக்கு நெருக்கம். இரண்டாவது கடற்காற்று அடிக்கிற வேதாரண்யத்துக்கு. ஒரே குயவர் ஒரே சூளையில் சுட்ட பானை காவிரி டெல்டாவின் தலைப்பில் ஜில்லென்றும் கடைமடையில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். தங்கை வீட்டில் மண்பானை நிலைக்காததற்கு அவள் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று பல வருஷம் பேசியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆடுதுறை நடுவே இருக்கிறது. பங்குனி, சித்திரையில் நன்றாகக் குளிர்கிறது, ஐப்பசியில் அதே பானை வெறும் பாரம்.

மகள் காட்டிய பூப்போட்ட பானையை நேரில் போய்த் தொட்டுப் பார்த்தேன். வெளியே வார்னிஷ். தண்ணீர் ஊற்றி மதியம் முழுக்க வைத்திருந்த காட்சிப் பானையின் வெளிச்சுவர் எலும்புபோல் உலர்ந்திருந்தது. துளை அடைபட்ட மண்பானை, உடைகிற எவர்சில்வர். அழகுக்காக அதன் ஒரே வேலையைப் பறித்துவிட்டு இரட்டை விலை வைத்திருக்கிறார்கள். சாதாரணச் சிவப்புப் பானை வாங்குங்கள். மேலே வியர்த்து, அடியில் ஈரம் கசிந்து, தொட்டால் கையில் மண் ஒட்டினால் அதுதான் நல்ல பானை. அடியில் தட்டில் மணல் பரப்பி வையுங்கள். உருண்டை அடி நிற்கவும் செய்யும், ஈர மணல் சேர்ந்து குளிர்விக்கவும் செய்யும். காற்று வருகிற சன்னலோரம் வேண்டும், மூலையில் வைத்தால் பாதி வேலை போச்சு. எங்கள் காலி மூலைக்கு மண்பானை ஒத்துவராததற்கு அதுவே காரணம். இரண்டு மூன்று வருஷத்தில் தண்ணீரிலுள்ள உப்பு துளைகளை அடைத்துவிடும். அப்போது பானைக்கு வயதாகிவிட்டது, துளசி வைத்துக்கொள்ளலாம்.

கேனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதை யாருக்காகச் செய்தார்கள் என்று பார்த்தாலே போதும். லாரியில் படுக்க அடுக்கலாம், கவிழ்த்து வைக்கலாம், எண்ணிக் கணக்குப் பார்க்கலாம். தூக்குகிறவர் அந்தக் கணக்கில் இல்லை. இருபது கிலோ, உருளை வடிவம், இடுப்பில் நிற்காது, கழுத்தில் கை சுற்றாது. தோளில்தான் ஏறும். குடம் பெண்ணின் இடுப்பை எதிர்பார்த்தது, கேன் ஆணின் தோளை எதிர்பார்க்கிறது. அதனால்தான் தண்ணீர் கொண்டுவருவது சம்பளத்துக்குச் செய்கிற வேலையாக மாறியதோ என்று ஒரு சந்தேகம். அவர் வீட்டில் இல்லாத நாளில் அதைக் கவிழ்ப்பது யார் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். பதில் இல்லை. கேன் வரிசையை விட்டுப் போனது.

எவர்சில்வர் என் கட்சி. ஆனால் கடையில் போய் நின்றபோது என் கட்சிக்குள்ளேயே பிளவு. குடமாக எடுத்தால் ஒன்றே கால் கிலோ, விலையும் மோசமில்லை, கறுக்காது, புளி வேண்டாம். ஆனால் கழுத்து அதே கழுத்து. தவலையாக, அகல வாயோடு எடுத்தால் கை முழுக்க உள்ளே போகும், அடிவரை தேய்க்கலாம். அங்கேதான் சிக்கல். கை உள்ளே போகும் என்றால் எல்லார் கையும் போகும். டம்ளரோடு விரலும் முங்கும், விருந்தாளிக் குழந்தை முழங்கைவரை விடும். குடத்தின் குறுகிய கழுத்து இதைத்தான் இத்தனை காலம் சத்தமில்லாமல் தடுத்துவந்தது. சாய்த்துத்தான் ஊற்ற முடியும், முகக்க முடியாது. வீட்டில் தண்ணீர் சேமிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் சிபாரிசு செய்யும் பாத்திரத்துக்கும் குறுகிய வாய், மூடி, அடியில் குழாய் என்றே இலக்கணம்.

குறுகிய வாய் கையைத் தடுக்கிறது, நாரையும் தடுக்கிறது. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அதுவும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டி. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரை மாற்றினால் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். எனவே எனக்கு வேண்டியது ஒன்றுக்கொன்று முரண்: வாரத்தில் ஒரு நாள் அகல வாய், மிச்ச ஆறு நாள் குறுகிய வாய்.

இறுக்கமான மூடியும் அடியில் குழாயும் உள்ள எவர்சில்வர் டிரம் இதைத் தீர்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து தேய்க்கலாம். மற்ற நாளில் மூடி திறக்க யாருக்கும் அவசியமில்லை. பார்க்க அழகு கிடையாது. கல்யாண மண்டபத்துச் சாமான் மாதிரி இருக்கிறது என்றார் அத்தை, உண்மைதான். நிறைத்துத் தூக்கவே முடியாது, பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லை. அதற்குத் தேவையும் இல்லை, அது பயணம் போகாத பாத்திரம். ஆனால் வாசல் குழாய்க்கும் அதன் சிமெண்டு மேடைக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இடைவெளி, டிரம் நுழையாது. குடம் நுழையும். ஆகப் பதினோரு தப்படிக்கு ஒரு குடம் வேண்டியே இருக்கிறது! எவர்சில்வர் குடமாக ஒன்று எடுத்தேன்.

எவர்சில்வர் வாங்குகிறவர்கள் காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்ப்பார்கள். கடைக்காரர்களே ஒட்டிக் காட்டுவார்கள். அதை நம்பி ரகம் பிரிக்க வேண்டாம். 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது; இழுத்து வளைத்த கழுத்துப் பகுதியில் இரண்டுமே லேசாக ஒட்டக்கூடும். பில்லில் ரகத்தை எழுதச் சொல்லி வாங்குவதுதான் வழி. எங்கள் ஊருக்கு 202 போதும். உப்புக்காற்று ஊருக்குப் போதாது: தங்கை வீட்டு கொல்லையில் கிடந்த எவர்சில்வர் குடத்தில் புள்ளி புள்ளியாகத் துரு விழுந்திருப்பதை நானே பார்த்தேன். துருப்பிடிக்காத உருக்குக்கும் உப்புதான் எமன்.

ஆக, எங்கள் வீட்டுக்கு: மூலையில் குழாய் வைத்த டிரம், அதை நிரப்ப ஒரு எவர்சில்வர் குடம், பங்குனியிலிருந்து ஆனிவரை சன்னலோரம் சாதாரண மண்பானை, பரணில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் குடம் இரண்டு, ஊதாவில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று. தங்கை சொன்னது நடந்துவிட்டது, அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆனால் வேதாரண்யம் பக்கம் இருந்தால் முடிவைத் தலைகீழாக எடுப்பேன். அங்கே பிளாஸ்டிக் முதலில், டிரம் 304-ல், மண்பானை வேண்டாம். தண்ணீர் இன்னும் தெருக்கோடியிலிருந்து வருகிற வீடென்றால் டிரம்முக்கு முன்னால் நல்ல கழுத்துள்ள குடம், எதில் செய்ததானாலும்.

பித்தளைக் குடம் இந்தக் கணக்கு எதிலும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அதையும் தூக்கிக்கொண்டுதான் கும்பகோணம் போனேன். போட்டுவிடலாம் என்று பாதி மனசு. கடைக்காரர் கழுத்தைத் துடைத்தபோது உளிப்புள்ளிகளாக வெட்டிய பெயர் தெரிந்தது. அத்தையின் பெயர் என்று நினைத்திருந்தேன். அது அவருடைய அம்மாவின் பெயர். ஒடுக்கு மட்டும் எடுத்துத் தரச் சொன்னேன். டிரம்மை ஆட்டோவில் பிறகு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கினேன், பை கொண்டுபோகவில்லை. குடத்துக்குள் கொட்டி, மேலே நாலு முருங்கைக்காயை நட்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். "பெண்களுக்குத்தாம்மா டிக்கெட் கிடையாது, குடத்துக்கு உண்டு" என்றார் கண்டக்டர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், டிக்கெட் கிழிக்கவில்லை.

வாசலில் அத்தை நின்றிருந்தார். நான் படியேறி, கனத்தில் மூச்சு வாங்கி, குடத்தை நீட்டினேன். அவர் கையால் வாங்கவில்லை. இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து, முருங்கைக்காயோடு அப்படியே இடுப்பில் வாங்கிக்கொண்டு, உள்ளே போனார்.